முட்டையைப் புரட்டாத கைகள்

சாமியார்பேட்டைக் கடற்கரையில் பகலில் கூடும் கூட்டம் இருட்டியதும் கலைந்துவிடும். சிதம்பரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் குளிக்க வந்தவர்கள் புதுச்சத்திரம் வழியாக வீடு திரும்பிய பிறகு, அந்த மணலில் இறங்குகிறவர்கள் வெகு சிலர். தை மாதம் தொடங்கிப் பங்குனி முடியும் வரை, இரவு பதினோரு மணி வாக்கில் கிளம்பி விடியும் வரை கடலோரமாகவே நடப்பது அவர்கள் வேலை. அவர்கள் தேடுவது கடலாமையின் தடத்தை. அந்த வேலையைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்று மாசியில் ஓர் இரவு அவர்களோடு நடந்தேன்.

நம் கரைக்கு முட்டையிட வருவது பெரும்பாலும் பங்குனி ஆமை. நூல்களில் ஆலிவ் ரிட்லி என்று எழுதுகிறார்கள். ஒடிசாவின் கஹிர்மாதா, ருஷிகுல்யா கரைகளில் லட்சக்கணக்கில் ஒரே நேரத்தில் கரையேறும் அதே இனம்தான் இது. தமிழ்நாட்டுக் கரையில் கூட்டமாக வருவதில்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தனித்தனியே ஏறி, முட்டையிட்டு, விடியுமுன் கடலுக்குத் திரும்பிவிடும். விடிந்தால் நாயும் நரியும் காக்கையும் முட்டையைத் தோண்டிவிடும். அவற்றுக்கு முன்னால் மனிதன் போய்ச் சேர வேண்டும். அதற்காகத்தான் இந்த நடை.

என்னை அழைத்துப்போனவர் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். ஐம்பதைத் தாண்டியவர். பருவத்தில் ஆமைக் காவலுக்கு வருகிறார், மற்ற நாளில் உறவினர் படகில் கடலுக்குப் போகிறார். கூட ஓர் இளைஞரும், கடல்வாழ் உயிரியல் படிக்கும் மாணவி ஒருவரும் வந்தார்கள். கிளம்பும்போதே நான் கையில் எடுத்த டார்ச்சைப் பெரியவர் அணைக்கச் சொன்னார்.

"வெளிச்சம் பட்டா ஏறி வர்ற ஆமை அப்படியே திரும்பிடும் சார். கொஞ்ச நேரம் நடங்க, கண்ணு தானா பழகிடும்."

பழகியது. அலை நனைத்த மணலுக்கும் காய்ந்த மணலுக்கும் நடுவே உள்ள கோட்டை ஒட்டித்தான் நடந்தோம். ஆமை எங்கே ஏறினாலும் இந்தக் கோட்டைக் கடந்தாக வேண்டும். நடந்துகொண்டே தங்கள் வீட்டுக் கதையைச் சொன்னார் பெரியவர். "எங்கப்பா காலத்துல முட்டைய எடுத்துத் தின்னுருக்கோம் சார், பொய் சொல்லக் கூடாது. ஆனா ஆமையத் தொட மாட்டாங்க. குட்டியாண்டவர்னு கும்புடுவாங்க. வலையில மாட்டுனா வலைய அறுத்து விட்டுட்டு வந்துடுவாங்க." 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கடலாமையைப் புலி, யானையோடு முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. முட்டையை எடுப்பதும் வைத்திருப்பதும் குற்றம். சட்டம் தெரிந்தவர்கள் பலர் உண்டு. அந்தச் சட்டத்தை இரவில் காலால் நடந்து காப்பவர்கள் இவர்கள்.

புதுக்குப்பம் பக்கம் போகும்போது இளைஞர் சட்டென்று குனிந்தார். எனக்கு மணல்தான் தெரிந்தது. அவர் விரலால் காட்டிய பிறகு தெரிந்தது: இடமும் வலமும் மாறி மாறித் துடுப்புக் கால் அழுத்திய குழிகள், கரையை நோக்கி ஒரு வரிசை, கடலை நோக்கி இன்னொரு வரிசை. பேராமை இரண்டு துடுப்பையும் ஒன்றாக ஊன்றித் தன்னை இழுத்துக்கொண்டு போகும், அதனால் அதன் தடம் இரு பக்கமும் ஒத்திருக்கும். பங்குனி ஆமை ஒன்று மாற்றி ஒன்றாக ஊன்றும். நாற்பது, ஐம்பது கிலோ எடைதான் என்பதால் தடம் மேலோட்டமாகவே விழும், காற்று பலமாக அடித்தால் சீக்கிரம் மறைந்தும்விடும். துடுப்பு மணலைத் தள்ளியிருக்கும் பக்கத்தை வைத்து எது ஏறிய தடம், எது இறங்கிய தடம் என்று சொல்லிவிடுகிறார்கள். இரண்டும் இருக்கிறது என்றால் ஆமை போய்விட்டது. முட்டை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மனிதச் சத்தத்துக்கோ வெளிச்சத்துக்கோ பயந்து, குழி தோண்டாமலே திரும்பும் ஆமைகளும் உண்டு.

தடம் முடிகிற இடத்தில் மணல் கலைந்து கிடந்தது. முட்டையிட்ட ஆமை குழியை மூடி, உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டி, ஓட்டின் அடிப்பகுதியால் மணலைத் தட்டி இறுக்கிவிட்டுப் போகும். சுற்றிலும் மணலை வாரி இறைத்து இடத்தையும் குழப்பிவிடும். அந்தக் குழப்பத்துக்குள் கூட்டின் வாயைக் கண்டுபிடிப்பது அனுபவத்தால் மட்டுமே வரும். பெரியவர் மெல்லிய குச்சி ஒன்றை எடுத்து, அதன் எடை தவிர வேறு பாரம் கொடுக்காமல், அங்குலம் அங்குலமாக ஊன்றிப் பார்த்தார். இறுகிய மணலில் குச்சி நின்றது. ஓர் இடத்தில் தானாகவே இறங்கியது. உடனே குச்சியை வைத்துவிட்டுக் கையால் மணலை அள்ளத் தொடங்கினார். அதற்கு மேல் குச்சி போனால் முட்டை உடையும் என்பது அவர் கைக்குத் தெரியும்.

முழங்கை மறையும் ஆழத்தில் முட்டைகள் தட்டுப்பட்டன. வெள்ளையாக, உருண்டையாக, ஓடு தோல் போல மிருதுவாக, வழுவழுப்பு இன்னும் காயாமல் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்தார். எடுத்த வாக்கிலேயே, மேல்பக்கம் மேலாகவே, கூட்டின் ஈர மணல் பரப்பிய பைக்குள் வைத்தார். மாணவி எண்ணிக்கொண்டே வந்தார். நூற்றைத் தாண்டிப் போனது எண்ணிக்கை. ஒரு கூட்டில் நூறு, நூற்றிருபது இருப்பது வழக்கம் என்றார் அவர்.

இந்த வேலையின் உயிர்நாடியே இந்த இடத்தில்தான் இருக்கிறது. முட்டையிட்ட சில மணி நேரத்துக்குள் கரு, ஓட்டின் உட்புறச் சவ்வில் மேல்பக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகு முட்டை புரண்டால் கரு செத்துப்போகும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது, முட்டை நன்றாகத்தான் இருக்கும். ஆகவே எடுத்த முட்டை, ஆமை இட்ட ஆறு மணி நேரத்துக்குள் பொரிப்பகக் குழிக்குள் போயாக வேண்டும், அதுவரை குலுங்கவும் கூடாது. பையைத் தோளில் தொங்கவிடாமல் இரு கையிலும் ஏந்தியபடி நடந்தார் பெரியவர். ஓட வேண்டிய அவசரம், ஓடக் கூடாத கட்டாயம் இரண்டும் அந்த நடையில் இருந்தன.

பொரிப்பகம் என்பது அலை எட்டாத மேட்டு மணலில் மூங்கில் நட்டு, சுற்றிலும் வலை கட்டிய சதுரம். உள்ளே மணலைச் சலித்து, வேரும் குப்பையும் நீக்கியிருக்கிறார்கள். பழைய முட்டை ஓடு மக்கிய மணலில் பூஞ்சையும் எறும்பும் வரும் என்பதால் ஒவ்வொரு பருவமும் இடத்தை மாற்றுவது நல்லது. குழி தோண்டுவதற்கு மண்வெட்டி கிடையாது. மணலில் குப்புறப் படுத்து, ஒற்றைக் கையை உள்ளே விட்டு, ஆமை தன் பின்துடுப்பால் தோண்டுவது போலவே தோண்டுகிறார்கள்: வாய் குறுகி, கீழே வயிறு அகன்று, மண்ணில் புதைத்த குடம் போல. ஒன்றரை அடி ஆழம். அளவுகோல் இல்லை, கை நீளம்தான் அளவு. முட்டைகளை அடுக்கி, முதலில் கூட்டின் ஈர மணல், பிறகு காய்ந்த மணல் என்று மூடி, நாள், இடம், எண்ணிக்கை எழுதிய அட்டையைக் குச்சியில் செருகினார்கள். அதற்குள் கிழக்கு வெளுத்திருந்தது.

பிறகு நாற்பத்தைந்து முதல் அறுபது நாள் வரை காவல். மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. சுமார் 29, 30 டிகிரியை ஒட்டி இரண்டும் கலந்து பிறக்கும். அதற்கு மேல் சூடு ஏற ஏறப் பெண்ணாகவே பிறக்கும், இன்னும் ஏறினால் முட்டையே வெந்துபோகும். பங்குனி வெயிலில் தென்னங்கீற்றோ நிழல்வலையோ போடுவது இதனால்தான். பூமி சூடேறுகிறது என்று உலக மாநாடுகளில் பேசுவதை, இங்கே ஒருவர் மணலுக்குள் கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இந்தப் பணி தமிழ்நாட்டில் 1970-களில் தொடங்கியது. ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் சென்னைக் கரையில் இரவு நடை நடந்து முட்டைகளைக் காத்தார்கள். 1988-இல் அங்கே மாணவர்கள் தனி அமைப்பாகவே திரண்டார்கள். இன்று கடலூர் உள்ளிட்ட கடலோர மாவட்டங்களில் வனத்துறை பொரிப்பகம் நடத்துகிறது. திட்டம் எவருடையதானாலும் குழியைத் தோண்டும் கை பெரும்பாலும் கடலோரத்துக் குப்பத்து மனிதருடையதே.

பங்குனி இறுதியில் மறுபடி போனேன். ஒரு குழியின் மேல் மணல் லேசாக உள்வாங்கியிருந்தது. குஞ்சுகள் ஓட்டை உடைத்துவிட்டன என்பதற்கு அதுதான் அறிகுறி. மேலே மூங்கில் கூடை கவிழ்த்திருந்தார்கள். மேல்மணல் குளிர்ந்த பிறகு, நள்ளிரவைத் தாண்டி, முதல் தலை வெளியே வந்தது. பிறகு ஒன்றையொன்று ஏறி மிதித்துக்கொண்டு எல்லாம் வந்தன. கரும் சாம்பல் நிறம், உள்ளங்கையில் பாதி. எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்க எனக்கு ஆசைதான். அதற்குள் பெரியவர் சொன்னார்: "தொட வேணாம் தம்பி. அதுக்கு வேணுங்கிறதெல்லாம் அது வயித்துலயே இருக்கு."

உண்மைதான். கருவுணவின் மிச்சம் குஞ்சின் வயிற்றில் இருக்கிறது, முதல் சில நாள் நீந்துவதற்கு அதுதான் பலம். தொட்டியில் வைத்துக் காட்சி காட்டினால் அந்தப் பலம் வீணாகும். அலைக்குச் சற்று முன்பாகவே மணலில் விட்டார்கள். தானாக நடந்து கடலைச் சேர வேண்டும், அந்த நடையும் அதற்கு அவசியம். ஆமைக்கு நாம் ஊட்ட எதுவும் இல்லை. முட்டையைப் புரட்டாமல் வைப்பது, வெளிச்சத்தை அணைப்பது, பிறகு விலகிக்கொள்வது, இவ்வளவுதான் நம்மால் செய்யக்கூடிய அன்பு.

கரையில் இவ்வளவு பாடுபட்டாலும் கடலில் ஆமை சாகிறது. நுரையீரலால் மூச்சுவிடும் உயிர், இழுவலையில் அகப்பட்டு மேலே வர முடியாவிட்டால் மூழ்கிச் சாகும். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதைச் செய்திகளில் பார்த்தோம். விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்கு அப்பால்தான் இழுவலை போட வேண்டும் என்ற விதி உண்டு. கிழக்குக் கரையின் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஆமை கரைதேடி வரும் தை, மாசி மாதங்கள் அதற்குள் அடங்கவில்லை. ஆகவே அந்த மாதங்களில் 5 கடல் மைல் விதியைக் கறாராக நடைமுறைப்படுத்துவதுதான் ஆமைக்கு உண்மையான பாதுகாப்பு. குஞ்சுகளில் ஆயிரத்தில் ஒன்றுதான் வளர்ந்து ஆளாகும் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. வளர்ந்து முட்டையோடு வரும் ஒரு தாயை இழப்பதென்றால் எத்தனை கூடுகளின் உழைப்பை இழக்கிறோம் என்று யோசித்துப் பார்க்கலாம்.

தடம் படிப்பது, குச்சியால் கூட்டை உணர்வது, கையால் குழி வடிப்பது எல்லாம் கற்று வர வேண்டிய தொழில். பருவத்துக்கு மட்டும் கூப்பிட்டு, பருவம் முடிந்ததும் மறந்துவிடும் கூலி வேலையாக இது இருக்கக் கூடாது. ஆண்டு முழுவதற்குமான ஊதியமும், இரவு வேலைக்குரிய காப்பீடும், இளையவர்களுக்குக் கற்றுத்தரும் பொறுப்பும் இந்த ஆமைக் காவலர்களுக்கு வேண்டும். நம் பங்குக்கு, தேவனாம்பட்டினம் முதல் கிள்ளை வரை கடலோரத்தில் வீடோ விடுதியோ வைத்திருப்பவர்கள் தை முதல் வைகாசி வரை கடலைப் பார்த்த விளக்குகளை இரவில் அணைத்து வையுங்கள். மணலில் தடம் கண்டால் மிதிக்காமல், தோண்டாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். குஞ்சு விடும்போது பார்க்கக் கிடைத்தால் தள்ளி நின்று பாருங்கள், கைபேசி வெளிச்சம் வேண்டாம்.