ஸ்டர்ஜனுக்குத் தமிழ் என்ன?

செகாவின் நாய்க்காரச் சீமாட்டி (1899) கதையில் ஒரு மீன் வருகிறது. மாஸ்கோ திரும்பிய கூரவ், யால்டாவில் சந்தித்த பெண்ணைப் பற்றி யாரிடமாவது சொல்லியே தீரவேண்டிய நிலையில், கூடச் சீட்டாடிய ஓர் அதிகாரியிடம் வாயைத் திறக்கிறான். அந்த மனிதர் வண்டியில் ஏறிய பிறகு திரும்பிக் கூப்பிட்டு, அன்று சாப்பிட்ட ஸ்டர்ஜன் கொஞ்சம் வாடைதான் என்று ஒத்துக்கொண்டு போய்விடுகிறார். கதை திரும்புவது அந்த இடத்தில்தான்.

சேலையூர் நண்பர் ஒருவர் இக்கதையைப் புதிதாகத் தமிழாக்கிக் கொண்டுவந்தார். ஸ்டர்ஜன் இருந்த இடத்தில் வஞ்சிரம் இருந்தது. "எந்த மீனா இருந்தா என்ன சார், கெட்டுப் போயிருக்கணும், அவ்வளவுதானே" என்றார். தாம்பரத்திலிருந்து பீச் வரை மின்சார ரயிலில் இதையே பேசிக்கொண்டு போனோம். அவர் சொன்னதில் பாதி நியாயம். மற்றப் பாதிதான் எனக்கு உறுத்தல்.

வஞ்சிரம் கடலோடு சரி. ஸ்டர்ஜன் பிறப்பது ஆற்றில். உடம்பில் செதில்களுக்குப் பதில் ஐந்து வரிசை எலும்புத் தகடுகள். உள்ளே பெரும்பாலும் குருத்தெலும்பு. பல்லில்லாத வாய் தலைக்கு அடியில், அதற்கு முன்னால் நான்கு மீசைகள். ஆற்றின் தரையைத் தடவிப் புழு பூச்சிகளை உறிஞ்சித் தின்னும். ஸ்டெர்லெட் என்ற சிறிய இனம் வோல்கா, டான்யூப் போன்ற ஆறுகளிலேயே வாழ்க்கையைக் கழித்துவிடும். பெலூகா போன்ற பெரிய இனங்கள் கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறும். இரண்டுக்கும் ஓடுகிற தண்ணீர் வேண்டும், அடியில் சரளைக்கல் வேண்டும். முட்டை கல்லில் ஒட்டிக்கொள்ளும். வண்டல் மூடினால் செத்தது.

முட்டைக்காகப் பிடித்துத் தீர்த்தது போக மிஞ்சியதை அணைகள் பார்த்துக்கொண்டன. வோல்காகிராடில் 1950களின் கடைசியில், டான்யூபின் இரும்புவாயிலில் 1972இல், யாங்சியில் 1981இல் பாதை அடைபட்டது. எஞ்சிய 26 இனங்களுமே அழியும் அபாயத்தில் இருப்பதாக 2022இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அறிவித்தது.

இதைத் தெரிந்துகொள்ள ரஷ்யா வரை போகவேண்டியதில்லை. காவிரியில் உல்லம் இருந்தது. வங்காளிகள் இலிஷ் என்பது. கடலில் வளர்ந்து, தென்மேற்குப் பருவத்துப் புதுவெள்ளத்தில் கொள்ளிடம் வழியே ஏறி முட்டையிட்டது. 1836இல் அணைக்கரையில் கீழணை எழுந்தது. 1909 வாக்கில் சென்னை மாகாண மீன்துறை அங்கேயே உல்லத்தின் முட்டையைச் செயற்கையாகப் பொரிக்க முயன்றது. 1934இல் மேட்டூர் அணை முடிந்து வெள்ளம் மேலேயே தங்கிவிட்டது. மீனைக் கூப்பிட ஆளில்லை.

கோதாவரிக்காரர்கள் இந்த மீனைக் கடலில் விலச என்றும் ஆற்றில் ஏறியபின் புலச என்றும் சொல்கிறார்கள். அங்கே மொழி ஆற்றைக் கவனித்திருக்கிறது. தாம்பரம் மார்க்கெட்டில் உல்லம் பற்றிக் கேட்டேன். "எப்பனா வரும் சார், முள்ளு மீனு, வாங்க ஆளில்ல" என்றார் மீன்காரம்மா. ஆற்றில் ஏறுமா என்றேன். "கடல் மீனு சார் அது." கொள்ளிடக்கரைக்காரரான என் தாத்தா இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். ஆனால் அந்த அம்மாள் சொன்னதுதான் இன்றைய நிலவரம்.

நம் சிறுபத்திரிகைக் கவிதைகளில் மீன் துள்ளாத இதழ் கிடையாது. என்ன மீன் என்று கேட்டால் படிமம் என்பார்கள். ஆறும் அப்படித்தான். முடிச்சூர்ப் பக்கம் அடையாறு என்று ஒன்று ஓடுவதை, 2015 டிசம்பரில் அது வீட்டுக்குள் வந்த பிறகே பலர் ஒப்புக்கொண்டார்கள். பொருளைப் பார்க்காதவன் கையில் எந்த மீனும் எந்த மீனுக்கும் பதிலாகிவிடும். வஞ்சிரம் அப்படி வந்ததுதான்.

"அப்ப உல்லம்னு போடலாமா?" என்றார் நண்பர். கூடாது. விதியில்தான் அவை உறவு, சமையலில் அல்ல. மாஸ்கோ அதிகாரி உல்லம் சாப்பிட்டிருந்தால் முள்ளைப் பற்றித்தான் பேசியிருப்பார். ஸ்டர்ஜன் ஸ்டர்ஜனாகவே நிற்கட்டும். வாசகனுக்குப் புரியாது என்பது ஒரு குறையல்ல. புரியாத பெயரைத் தேடிப்போகிறவன் ஓர் ஆற்றில் போய்ச் சேருவான், அங்கிருந்து கொள்ளிடத்துக்கும் வரக்கூடும். வஞ்சிரம் அவனைச் சாப்பாட்டு மேஜையிலேயே உட்காரவைத்துவிடுகிறது.