வடக்கே வந்தாறுமூலை, தெற்கே ஒலுவில்



கல்முனையில் மட்டக்களப்பு பஸ் ஏறினால் பாண்டிருப்பு, மருதமுனை, பெரியநீலாவணை என்று ஊர்கள் வேலிக்கு வேலி ஒட்டியபடி வரும். பெரியநீலாவணையோடு அம்பாறை மாவட்டம் முடிந்து மட்டக்களப்பு மாவட்டம் தொடங்குகிறது. அந்தத் தொடக்கத்தில் இருக்கிறது பெரியகல்லாறு. வலப்பக்கம் கடல், இடப்பக்கம் வாவி, நடுவே ஒடுங்கிய மணல் நிலம். கோட்டைக்கல்லாற்றுப் பக்கம் போகும் பாலத்தில் பஸ் ஏறும்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர்தான்.

மட்டக்களப்பு வாவி 56 கிலோமீற்றர் நீளமானது. அது கடலைச் சந்திக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று நகரத்தை அடுத்த பாலமீன்மடு, மற்றது இந்தக் கல்லாற்றுப் பக்கம். கோடையில் இங்கே மணல்மேடு வழியை அடைத்துவிடும். மாரியில் வாவி நிரம்பி மேற்கே படுவான்கரை வயல்கள் மூழ்கப் பார்த்தால் மணலை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவார்கள். (சூரியன் எழுகிற பக்கம் எழுவான்கரை, படுகிற பக்கம் படுவான்கரை. இந்தப் பெயர்களை வைத்தவர்களுக்கு எந்தப் பள்ளிக்கூடம் தமிழ் சொல்லிக் கொடுத்ததோ!)

பெரியகல்லாறு தமிழ்ச் சகோதரர்களின் ஊர். இந்துக்களும் கத்தோலிக்கரும் மெதடிஸ்த சபையினரும் வாழ்கிறார்கள். படிப்பை மதிக்கிற ஊர் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். மருதமுனையிலிருந்து இங்கே வரச் சில நிமிட பஸ் பயணம் போதும். 2004 டிசம்பர் 26 அன்று கடல் இரண்டு ஊர்களையும் ஒரே காலையில்தான் அடித்தது. ஆனாலும் என்னிடம் ஓதும் பெண் பிள்ளைகளில் பலர் இந்த ஊரை பஸ் ஜன்னலால் மட்டுமே பார்த்தவர்கள். இங்குள்ள பிள்ளைகளும் மருதமுனையை அப்படித்தான் பார்த்திருப்பார்கள்.

அண்மையில் இந்த வழியால் போகும்போது பக்கத்து ஆசனத்தில் ஒரு தாயும் மகளும். மகள் உயர்தரம் எழுதிப் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெற்றிருக்கிறாள். ஆசிரியர் என்று தெரிந்ததும் தாய் கேட்டார்: "மௌலவி, புள்ள வந்தாறுமூலையை முதலாவதாப் போடணும் எண்டு நிக்கிறாள். வாப்பா ஒலுவில்தான் எண்டு சொல்றார். நம்மட ஆக்களோட இருக்கட்டுமே, என்ன?" மகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக் கொண்டிருந்தாள். நான் கேட்டேன், "ஏன் மகள் வந்தாறுமூலை?" அவள் திரும்பாமலே சொன்னாள்: "எனக்கு வேற ஊரையும் பாக்கணும்."

இந்தப் பதிலைக் கேட்டுச் சிரித்துவிடாதீர்கள். அதில் நியாயம் இருக்கிறது.

இந்தக் கரையில் தமிழரும் நாமும் ஒரு வழக்கத்தில் ஒன்றுபட்டவர்கள். குடி தாய்வழியாக வருகிறது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கிறோம், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியேறுகிறார். (வீடு கேட்டுப் பேரம் பேசும் கொடுமையைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இங்கே வேண்டாம்.) இதன் விளைவை யோசித்துப் பார்த்தீர்களா? ஆண் பிள்ளை கல்யாணத்தோடு வேறு தெருவுக்கு, சில வேளை வேறு ஊருக்குப் போகிறான். பெண் பிள்ளை பிறந்த வளவிலேயே பிள்ளை பெற்று, பேரன் பேத்தி கண்டு, அங்கேயே மையித்தாகிறாள். எங்கள் பெண்களில் பலருக்கு வேறொரு சமூகத்துப் பெண்ணோடு ஒரே அறையில் தூங்கி எழும்பி, சோறு பகிர்ந்து, அவள் எதற்கு அழுகிறாள் என்று அறிகிற வாய்ப்பு அந்தப் பல்கலைக்கழக வருடங்களில் மட்டும்தான் கிடைக்கிறது. பிறகு அவள் ஆசிரியையாகவோ வைத்தியராகவோ பிரதேச செயலகத்தில் அதிகாரியாகவோ வரும்போது, முன்னால் வந்து நிற்பவர்கள் எல்லாச் சமூகத்தவர்களுமாக இருப்பார்கள்.

பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுது கொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் ஏறாவூரில் படுகொலை நடந்தது. அடுத்த மாதம் வந்தாறுமூலை வளாகத்தில் அகதிகளாக இருந்த தமிழர்கள் பிடித்துச் செல்லப்பட்டார்கள். சத்துருக்கொண்டானில் தமிழ்க் குடும்பங்கள் கொல்லப்பட்டன. 2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் நடந்ததையும் நாம் மறைக்க முடியாது. அதன் பிறகு எங்கள் பெண் பிள்ளைகள் பஸ்ஸில் எத்தனை பார்வைகளைத் தாங்க வேண்டியிருந்தது என்பதையும் மறக்க முடியாது.

இரண்டு பல்கலைக்கழகங்களும் இந்த வரலாற்றுக்குள்தான் வளர்ந்தன. 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகம் ஆயிற்று. போர்க் காலத்தில் அங்கே படிப்பைத் தொடர முடியாமற்போன முஸ்லிம் மாணவர்களின் நிலையை முன்வைத்து, மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃப் அவர்களின் முயற்சியால் 1995இல் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது. அது 1996இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அன்று அது தேவையாக இருந்தது.

ஆனால் "ஒலுவில் என்றால் நம்மட ஆக்கள்" என்ற கணக்கு இன்று பாதிதான் சரி. இஸ்லாமிய கற்கைகள், அரபு மொழிப் பீடத்துக்கு அது பொருந்தும். பொறியியல் பீடத்துக்குப் போய்ப் பாருங்கள், தெற்கிலிருந்தும் மத்தியிலிருந்தும் வந்த சிங்களப் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். வந்தாறுமூலையும் தமிழருக்கு மட்டுமானதல்ல. மூவினமும் அங்கே படிக்கிறது. ஆகவே பெயர்ப் பலகையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் ஒவ்வொரு பாடநெறிக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனி இலக்கம் உண்டு. நீங்கள் வரிசைப்படுத்துவது அந்த இலக்கங்களைத்தான். முதலில் பாடம், பிறகுதான் ஊர். பிடிக்காத பாடத்தை நல்ல சூழல் காப்பாற்றாது.

மார்க்கம் என்ன சொல்லும் என்று கேட்பீர்கள். மனிதர் பல சமூகங்களாக இருப்பது ஒருவரையொருவர் அறிவதற்கு என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் ஓதுகிறோம். கெய்ரோவின் அல் அஸ்ஹரில் வெளியூர் மாணவர்களுக்கு ரிவாக் எனும் தங்கும் பகுதிகள் இருந்தன. மொரோக்கோ பக்கத்தாருக்கு ஒன்று, ஷாம் நாட்டாருக்கு ஒன்று, துருக்கியருக்கு ஒன்று, ஜாவாவிலிருந்து வந்தவர்களுக்கு ஒன்று. தூங்கவும் சாப்பிடவும் சொந்த மூலை. பாடத்துக்கு எல்லாரும் ஒரே பள்ளிவாசலுக்குள். பல்கலைக்கழகங்களில் உள்ள முஸ்லிம் மஜ்லிஸை நான் அந்த ரிவாக்கைப் போலத்தான் பார்க்கிறேன். நோன்பு திறக்க, ஸஹர் சாப்பாட்டுக்கு, உடம்புக்கு முடியாத நேரம் துணைக்கு அது வேண்டும். நாலு வருடமும் அதற்குள்ளேயே இருந்துவிட்டு வரும் பிள்ளை மருதமுனையிலேயே இருந்திருக்கலாம்.

இனிச் செலவு. எங்கள் நாட்டில் அரச பல்கலைக்கழகத்தில் முதற் பட்டப் படிப்புக்குக் கட்டணம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். 1981 முதல் மஹாபொல புலமைப்பரிசிலும் இருக்கிறது. ஆனால் சாப்பாடு, பஸ், கொப்பி, போட்டோப்பிரதி என்று கை கடிக்கும். பிள்ளை சிறிது உழைக்கலாமா? தாராளமாக. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) தகப்பனை இழந்த பிள்ளை. ஆசிரியருக்குக் கூலி கொடுக்கத் தாயிடம் வசதியில்லை. ஆசிரியர் எழும்பிப் போன நேரம் மற்றப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததையே அவர் கூலியாக ஏற்றார் என்று அவர்களின் வரலாற்றில் படிக்கிறோம். எங்கள் மாணவிகளுக்கும் கைக்கு எட்டிய வேலை அதுதான், சின்னப் பிள்ளைகளுக்கு ரியூஷன். வந்தாறுமூலைக்கு அருகே செங்கலடியும் ஏறாவூரும், ஒலுவிலுக்கு அருகே பாலமுனை, நிந்தவூர், அட்டாளைச்சேனையும் இருக்கின்றன. மருதமுனைப் பிள்ளைகள் விடுமுறையில் வீட்டுத் தறியில் அமர்ந்து நெய்து காசு சேர்ப்பதையும் கண்டிருக்கிறேன். அந்தக் கைத்தொழிலை வெட்கமாக நினைக்காத பிள்ளையின் மேல் எனக்கு மதிப்பு அதிகம். ஒன்றே ஒன்று: விரிவுரைகளுக்கு வரவு பார்ப்பார்கள். மஃரிபுக்குப் பிறகு விடுதிக்குத் திரும்ப பஸ் இல்லாத இடத்தில் வேலை பிடிக்க வேண்டாம்.

அந்தத் தாயிடம் நான் முடிவு எதுவும் சொல்லவில்லை. வாப்பாவையும் கூட்டிக் கொண்டு இரண்டு இடத்துக்கும் ஒரு முறை போய் வாருங்கள் என்றேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். போனால் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வராதீர்கள். முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு விடுதி உண்டா, ஓர் அறைக்கு எத்தனை பேர், இரவு எத்தனை மணிக்குக் கேற் பூட்டுவார்கள், தொழுகைக்கு இடம் எங்கே என்று கேளுங்கள். பகிடிவதை பற்றிக் கேட்கத் தயங்க வேண்டாம். 1998இன் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம், முறையிட யாரிடம் போக வேண்டும் என்பதை அங்கேயே எழுதிக் கொள்ளுங்கள். பிறகு மரத்தடியில் இருக்கும் மாணவிகள் இரண்டு பேரிடம், ஒருத்தி நம் பிள்ளையாகவும் மற்றவள் பிற சமூகத்தவளாகவும் பார்த்து, வாரக் கடைசியில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். உம்மாமார் கேட்டால் பிள்ளைகள் மறைக்காமல் சொல்வார்கள்.