கணக்கில் வராத மரங்கள்

தோட்டத்து மக்கள் மரத்தை அறியாதவர் அல்லர். ஆயின், நாம் அறிந்த மரமெல்லாம் நிரை பிடித்து நட்டவை. கிராணியின் கணக்கில் ஏறியவை. ரப்பராயினும் செம்பனையாயினும் பிறர்க்கு வருவாய் தந்தவை. ஒருவரும் நடாத மரத்தின் நிழலில், ஒரு வேலையுமின்றி அமரும் பேறு நம்மவர்க்கு அரிதாகவே வாய்த்தது.

சென்ற விடுமுறையில் புக்கிட் செலம்பாவிலிருந்து குடும்பத்தாரோடு சிக் மாவட்டத்துப் பெரிஸ் ஏரிக்குச் சென்றோம். 2004இல் கட்டி முடித்த அணையால் உண்டான ஏரி அது. சுற்றிலும் காடடர்ந்த குன்றுகள். முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவிய எம் அன்னையார் நெடுநேரம் அக்காட்டையே நோக்கியிருந்தார். பின், “இத்தனை மரத்துக்கும் கணக்கெழுதுவது எந்தக் கிராணியப்பா?” என்று வினவினார். குழந்தைகள் நகைத்தனர். எமக்கு நகைப்பு வரவில்லை. ஆயுள் முழுதும் பிறர் கணக்கில் உழைத்தவரின் வினா அன்றோ அது!

கிராணி இல்லை, ஆனால் கணக்கு உண்டு. காட்டு மண் மழைநீரைப் பிடித்துவைத்துச் சிறிது சிறிதாக விடுகின்றது. ஏரி அதனைத் தேக்கி, வறண்ட காலத்தில் மூடா ஆற்றுக்கு ஈகின்றது. கெடாவின் வயல்களும், பினாங்கின் வீட்டுக் குழாய்களும் அவ்வாற்றை நம்பியிருக்கின்றன. காட்டை அழித்தால் மண் கரைந்து ஏரியைத் தூர்க்கும், ஆறும் மெலியும்.

அன்பர்களே! ஓய்வு செல்வர்க்கு மட்டும் உரிய பொருளன்று. பெற்றோரையும் பிள்ளைகளையும் அழைத்துச் சென்று இக்காட்டைக் காட்டுங்கள். ஒன்றன் பயனை அறியாதார் அதனைக் காக்கவும் அறியார்.