பின்னாடி டிரம் பாத்தியா?

என் அப்பா 37 வருஷம் சென்னையின் பாடியில் வேலை பார்த்தார். ஐ.டி.ஐ. முடித்த கையோடு 1973இல் சேர்ந்தவர், 58 வயதில் ஓய்வு பெறும்வரை ஒரே கம்பெனி: பிரேக்ஸ் இந்தியா. டி.வி.எஸ். குடும்பத்தாரும் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனமும் கூட்டுச் சேர்ந்து 1962இல் தொடங்கியது அது. லூகாஸின் பிரேக்குகளுக்குக் கிர்லிங் என்று பெயர். எங்கள் கொரட்டூர் வீட்டில் அந்தப் பெயர் ஏதோ தூரத்து உறவுக்காரர் பெயரைப் போலப் புழங்கும். "கிர்லிங்காரன் டிராயிங்ல இப்படித்தான் போட்டிருக்கான்" என்பார் அப்பா, சாப்பிட்டுக்கொண்டே. வீல் சிலிண்டர்களைச் சோதித்து அனுப்புவது அவர் வேலை. சுண்டுவிரலைத் துளைக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினாலே கீறல் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும் அவருக்கு. அளவுக்கருவி அதன்பிறகு வந்து அதையேதான் சொல்லும்.

நான் கவென்ட்ரிக்கு வந்து 14 வருஷம் ஆகிறது. இந்த ஊரின் கான்லி பகுதியில் இருந்த ஆலையில்தான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் கார்களைச் செய்தார்கள். 1962 அக்டோபரில் லண்டன் மோட்டார் கண்காட்சியில் முதல் கார் வெளிவந்தது. 1980 ஆகஸ்டில் கடைசிக் கார் இறங்கியது. என்னிடம் இருப்பது 1972இல் செய்த மார்க் 4. இரண்டு பேர் உட்காரலாம், துணிக்கூரை, 1296 சிசி எஞ்சின். அழகுக்காக மட்டும் நான் அதை வாங்கவில்லை. கொரட்டூரில் எங்கள் தெருவில் ஒரு டாக்டரிடம் வெள்ளை ஹெரால்ட் இருந்தது. வண்டலூரில் ஸ்டாண்டர்ட் கம்பெனி செய்த வண்டி. அதன் பானெட் மற்ற கார்களைப் போல மூடியாகத் திறக்காது. முகப்பு முழுவதும், மட்கார்டும் விளக்குகளுமாக, முன்பக்கம் அப்படியே சாயும். டயர், ஸ்டியரிங், எஞ்சின் எல்லாம் வெட்டவெளிக்கு வந்துவிடும். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் என்பதால் எங்கள் சந்தில் அவர் ஒருவரால்தான் ஒரே மூச்சில் காரைத் திருப்ப முடிந்தது. ஸ்பிட்ஃபயர் அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்திலிருந்து பிறந்தது. இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலாட்டி. பானெட்டும் அதே மாதிரிதான் சாயும். அந்தச் சாய்வைப் பார்த்த இடத்திலேயே நான் முன்பணம் கொடுத்துவிட்டேன்.

வண்டி வாங்கிய இரண்டாவது கோடையில் காட்ஸ்வோல்ட்ஸ் மலைப்பக்கம் போனேன். அங்கே பிராட்வே என்ற ஊருக்கு இறங்கும் ஏ44 சாலைக்கு ஃபிஷ் ஹில் என்று பெயர். வளைந்து வளைந்து நீளமாக இறங்கும் சாலை. முன்னால் ஒரு லாரி. நான் விட்டு விட்டுப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். முதலில் ஒரு தீய்ந்த வாடை. பிறகு பெடல் கொஞ்சம் கொஞ்சமாகப் பஞ்சாகியது. கடைசி வளைவுக்கு முன்னால் மிதித்தபோது அது பாதி தூரம் எதையும் தொடாமல் இறங்கிற்று. காலை எடுத்து இரண்டு தடவை குத்தினேன். கியரை இரண்டுக்குக் கொண்டுவந்தேன். வண்டி நின்றது. பக்கத்து இருக்கையில் இருந்த என் மனைவிக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்கு வீடு வந்து சேரும்வரை முழங்கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

அன்றிரவே பெரிய பிரேக் தேட ஆரம்பித்துவிட்டேன். ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் மாற்றம் ஒன்று உண்டு. இதே உடம்பில் 2 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தி ஜி.டி.6 என்று ஒரு கார் செய்தார்கள். ஸ்பிட்ஃபயரின் முன் டிஸ்க் 9 அங்குலம் என்றால் அதற்கு 9.7 அங்குலம். டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரும் ஒரு படி பெரிது. 13 அங்குலச் சக்கரத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அசல் கம்பெனிச் சாமான் என்பதால் வண்டியின் மரியாதையும் கெடாது. பழைய சாமான் விற்பவரிடம் பேசி, முழு செட்டுக்கும் விலை கேட்டு வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் அப்பாவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"பின்னாடி டிரம் பாத்தியா?" என்றார்.

"முன்னாடிதானேப்பா பிரேக் விட்டுச்சு."

"அதான் கேக்குறேன். பின்னாடி டிரம்மத் தொறந்து பாத்தியா இல்லியா?"

பார்க்கவில்லை. ஸ்பிட்ஃபயருக்கு முன்னால் டிஸ்க், பின்னால் 7 அங்குல டிரம். வெளியே தெரிவது டிஸ்க்தான். பணம் செலவழிக்க மனசு போவதும் அங்கேதான். அந்த மோகத்துக்கு இந்த ஊரிலேயே காரணம் இருக்கிறது. 1953இல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் கவென்ட்ரியின் ஜாகுவார் சி-டைப் கார்கள் நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக்கோடு இறங்கின. ரோல்ட், ஹாமில்டன் இருவரும் ஓட்டிய கார் வென்றது. டிரம் வைத்த கார்கள் சூட்டில் பிடி தளர்ந்து முன்கூட்டியே மிதிக்க வேண்டியிருக்க, ஜாகுவார் வளைவின் வாசல்வரை போய் மிதித்தது. மூன்றே வருஷத்தில், 1956இல், டிரையம்ஃப் தன் டி.ஆர்.3 காரின் முன்சக்கரங்களுக்குக் கிர்லிங் டிஸ்க் கொடுத்துவிட்டது. டிரம் மூடிய பெட்டி. உள்ளே பிறக்கும் சூடு வெளியேற வழி குறைவு. டிஸ்க் காற்றில் சுழல்வது. இவ்வளவும் எனக்குத் தெரியும். ஆனால் என் வண்டியின் பின் டிரம்மைக் கழற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்பாவின் அடுத்த கேள்வி இன்னும் எளியது. "காலிப்பர் பெருசாக்குற. மாஸ்டர் சிலிண்டர் அதேதானே? பெரிய குடத்த ரொப்ப அதே சொம்புல ஊத்தினா எத்தினி சொம்பு ஊத்துவ?" காலிப்பரின் பிஸ்டன் பெரிதானால் அதைத் தள்ள அதிக ஆயில் வேண்டும். பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை அப்படியே வைத்துக்கொண்டால் பெடல் இன்னும் கீழே இறங்கித்தான் பிடிக்கும். அதற்கும் மேலே ஒன்று: முன்பக்கத்தை மட்டும் பலமாக்கினால் முன்னும் பின்னும் வேலை பிரித்துக்கொள்ளும் விகிதம் மாறிவிடும். முன்சக்கரம் சீக்கிரம் பூட்டிக்கொள்ளும், பின்சக்கரம் சும்மா உருளும். அந்த ஜி.டி.6 மூக்கில் கனத்த எஞ்சினைச் சுமந்த கார். அந்தக் கனத்துக்கு அளந்த பிரேக் அது. அதன் பின் டிரம்மும் 8 அங்குலம்.

இங்கே 40 வயது தாண்டிய கார்களுக்கு வருடாந்திரச் சோதனை கட்டாயமில்லை என்று 2018இல் விதி மாறிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வயதான வண்டிக்குத்தான் மருத்துவர் வேண்டும். நானாகக் கொண்டுபோய் ஒரு சோதனை நிலையத்தில் உருளைகள்மேல் சக்கரத்தை ஏற்றிப் பிரேக் அளக்கச் சொன்னேன். முன்சக்கரங்கள் இரண்டும் கிட்டத்தட்டச் சமம். பின்னால் வலதுபக்க முள் எழுந்தது. இடதுபக்க முள் லேசாக அசைந்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்து டிரம்மைக் கழற்றினேன். இந்த வண்டியின் பின் வீல் சிலிண்டரில் ஒரே பிஸ்டன்தான். அது ஒரு ஷூவைத் தள்ளும். தள்ளிய எதிர்விசையில் சிலிண்டரே பின்தட்டின் பள்ளத்தில் நழுவி மறு ஷூவையும் டிரம்மில் அழுத்தும். எவ்வளவு சிக்கனமான ஏற்பாடு! ஆனால் அந்தப் பள்ளத்தில் துரு ஏறினால் சிலிண்டர் நழுவாது. என்னுடையதில் ஏறியிருந்தது. ஒரு ஷூ பளபளவென்று தேய்ந்திருக்க, மற்றது பல வருஷமாக எதையும் தொடாத மங்கல் நிறத்தில் இருந்தது. பிஸ்டன் ரப்பர் கசிந்து லைனிங்கின் ஓரம் நனைந்துமிருந்தது. படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். பதிலாக ஒரு வரிகூட வரவில்லை, போனே வந்தது. அரை மணி நேரம் பேசினார். ஓய்வு பெற்ற பிறகு அவர் அவ்வளவு நேரம் என்னிடம் பேசியது அன்றுதான்.

அப்புறம்தான் ஃபிஷ் ஹில்லில் நடந்தது எனக்குப் புரிந்தது. ஆளோடு சேர்த்து 850 கிலோ இருக்கும் கார் மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து நிற்கும்போது பிறக்கும் சூட்டைக் கொண்டு, அறை வெப்பத்திலுள்ள ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குச் சற்று முன்புவரை கொண்டுவந்துவிடலாம். ஒரே ஒரு தடவை நிறுத்தினாலே இவ்வளவு. வேகம் இரட்டித்தால் சூடு நான்கு மடங்கு. இறக்கத்தில் இது ஓயாமல் நடக்கிறது. பின்சக்கரங்கள் தங்கள் பங்கைச் செய்யாததால் அந்தச் சூட்டையும் முன் டிஸ்க்குகளே வாங்கியிருக்கின்றன. சூடு டிஸ்க்கை அழுத்தும் பேடில் ஏறி, பிஸ்டனில் ஏறி, ஆயிலுக்கு வந்துவிட்டது. பிரேக் ஆயிலுக்குக் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. டாட் 4 தர ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காது, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரிக்கே கொதிக்கலாம். கொதித்தால் குமிழி. குமிழியைக் கால் அமுக்கலாம். அமுங்கிய குமிழி எதையும் தள்ளாது. என் வண்டியின் ஆயில் தேநீர் நிறத்தில் இருந்தது. எத்தனை வருஷத்து ஆயிலோ.

ஜி.டி.6 செட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பதில் செய்தவை கண்ணுக்குத் தெரியாதவை. பின்னால் இரண்டு புதிய வீல் சிலிண்டர், புதிய ஷூ. நழுவும் பள்ளத்தை அரம்போட்டுச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்றே விற்கும் கிரீஸைப் பூசினேன். முன்னால் காலிப்பரைப் பிரித்து, துருப்பிடித்த பிஸ்டன்களை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகில் செய்தவை போட்டேன். டிஸ்க் அதே 9 அங்குலம்தான், ஆனால் புதிது. இரும்புக் குழாய்களுக்குப் பதில் செம்பும் நிக்கலும் கலந்த குழாய். ரப்பர் ஹோஸ்களுக்குப் பதில் எஃகுப் பின்னல் போட்டவை. ரப்பர் ஹோஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: வெளியே புதிது மாதிரி இருக்கும், உள்சுவர் உப்பி வழியை அடைத்துக்கொண்டிருக்கும். மிதிக்கும்போது ஆயில் போகும். காலை எடுத்தால் திரும்பி வராது. சக்கரம் பிடித்தபடியே ஓடும். அறுத்துப் பார்த்தேன். என்னுடையதில் துளை பென்சில் முனை நுழையாத அளவுக்குச் சுருங்கியிருந்தது.

ஆயில் குழாய்களைக் கழற்றுவதற்கு முன்பே பேடில் ஒரு தவறு செய்தேன். பந்தயத்துக்கென்று விற்பதை ஆசைப்பட்டு வாங்கிப் போட்டேன். நவம்பர் மாதக் காலையில் தெருமுனை சிக்னலில் மிதித்தால் மரக்கட்டையை மிதித்தது போலிருந்தது. அந்த வகைப் பேடுக்குச் சூடேறினால்தான் பிடிப்பு வரும். பால் வாங்கப் போகிற தூரத்தில் அது சூடேறாது. ஒரே வாரத்தில் கழற்றி, குளிரிலும் பிடிக்கும் சாலைப் பேடைப் போட்டேன். டயரையும் மாற்றினேன். பட்டன் ஆழமாக இருந்தது, ஆனால் பக்கவாட்டில் அச்சடித்த வாரத்தையும் வருஷத்தையும் படித்தால் அந்த ரப்பருக்கு 13 வயது. பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்தும், காரைத் தரையில் நிறுத்துவது டயர். இவ்வளவு செலவுக்குப் பிறகு அதில் கஞ்சத்தனம் பார்ப்பது பாவம்.

சர்வோ போடச் சொன்னார்கள் சிலர். வேண்டாமென்றுவிட்டேன். சர்வோ மிதிக்கும் பலத்தைக் குறைக்குமே தவிர, நிற்கும் தூரத்தைக் குறைக்காது. இந்தப் பெடலில் சாலையின் ஒவ்வொரு மேடுபள்ளமும் காலுக்குத் தெரியும். அது எனக்கு வேண்டும்.

பிரேக் குழாய்களிலிருந்து ஏர் எடுக்கும் வேலையை மட்டும் நிறுத்தி வைத்தேன். ஜூனில் அப்பா வருவதாக இருந்தது. 71 வயது. வந்த இரண்டாம் நாளே "வண்டி எங்க?" என்றார். பானெட்டைச் சாய்த்ததும், "நம்ம டாக்டர் வண்டி!" என்றார். ஓட்டுநர் இருக்கையில் அவர் உட்கார, நான் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவான இடது பின்சக்கரத்தின் அருகே தரையில் படுத்தேன். "அமுக்குங்கப்பா" என்பேன். "புடிச்சிருக்கேன்" என்று குரல் வரும். நிப்பிளை அரைச் சுற்றுத் திறந்தால் கண்ணாடிக் குழாயில் குமிழிகள் ஓடிவரும். மூடிவிட்டு "விடுங்க" என்பேன். அமுக்குங்க, புடிச்சிருக்கேன், விடுங்க. நான்கு சக்கரத்துக்கும் ஒரு மணி நேரம் ஆயிற்று. என் குழந்தைப் பருவம் முழுக்க அவர் சிஃப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருப்பார். இப்படி ஒரு வேலையை இருவருமாகச் செய்ததில்லை. கடைசியில் பெடல் கல் மாதிரி நின்றதும் அவர் இறங்கிவந்து காலிப்பரின் வார்ப்பில் இருந்த கிர்லிங் என்ற எழுத்தைத் துணியால் துடைத்தார். பிறகு அதே துணியால் தன் கையையும்.

கான்லியில் இப்போது ஆலை இல்லை. அந்த இடத்தில் அலுவலகங்களும் கிடங்குகளும் வந்துவிட்டன. அங்கே ஒரு தெருவுக்கு ஹெரால்ட் அவென்யூ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர்ப்பலகையின் கீழே அப்பாவை நிற்கவைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை ஃபிஷ் ஹில்லுக்குப் போனோம். உச்சியில் நிறுத்தாமல் இறங்கினேன். அவர் வாய் திறக்கவில்லை. வலது கால் மட்டும் நான் மிதித்த இடத்திலெல்லாம் தரைவிரிப்பை மிதித்துக்கொண்டிருந்தது. பெடல் மேலேயே நின்றது. வாடை இல்லை. பிராட்வேயில் ஓரமாக நிறுத்தியதும் அப்பா இறங்கி, முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, முன்சக்கரம் இரண்டுக்கும் பக்கத்தில் உள்ளங்கையைக் காட்டிப் பார்த்தார். பிறகு பின்னால் போனார். வலதுபக்கம் கொஞ்ச நேரம். இடதுபக்கம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம்.

"ரெண்டும் ஒரே சூடுடா" என்றார்.