கிளட்சும் முழங்காலும்

இடது முழங்கால் தேய்மானம். கிளட்ச் மிதிப்பதைக் குறைக்கச் சொன்னார் மருத்துவர். பழைய மாருதி ஜென் ஆட்டோமேட்டிக் ஒன்று விலைக்கு வந்தது. ஓட்டிப் பார்த்தேன், வலி தெரியவில்லை. ஆனாலும் முன்பணம் கொடுக்க மனம் வரவில்லை.

காரணம், ஒரு மழை இரவு. அப்பாவுக்கு மூச்சுத்திணறல். எங்கள் மாருதி 800-இல் பேட்டரி இறங்கியிருந்தது. அக்கம்பக்கத்தார் நாலு பேர் தள்ள, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டேன், இன்ஜின் பிடித்துக்கொண்டது. அப்பா பிழைத்தார். ஆட்டோமேட்டிக் வண்டியை அப்படித் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. இன்ஜின் ஓடினால்தான் அதன் கியர்பெட்டியில் ஆயில் அழுத்தம் கிடைக்கும்.

கடைசியில் முழங்கால்தான் ஜெயித்தது. ஜென்னோடு புது பேட்டரியும் ஜம்பர் கேபிளும் வாங்கினேன். பக்கத்து வீட்டு டிராக்டர் பேட்டரியும் 12 வோல்ட்தான். கால் நன்றாக இருப்பவர்களுக்கு, கிராமத்துக்குக் கியர் வண்டியே நல்லது.