பல்வலிப் படலம்

உலகத்திலேயே பெரிய வலி காதல் தோல்விதான் என்பார்கள் நம் ஹாஸ்டல் கவிஞர்கள். பாவம், அவர்களுக்கு இன்னும் கடைவாய்ப்பல் சொத்தையாகவில்லை!

ஐந்தாவது செமஸ்டர் பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது எனக்கு அந்த யோகம் அடித்தது. பகலெல்லாம் சாதுவாக இருக்கும் பல், ராத்திரி படுத்ததும் 'விண் விண்'ணென்று தெறிக்கும். அம்மா கிராம்பை நசுக்கி வைத்தாள். அதிலுள்ள யூஜினால் சிறிது நேரம் மரத்துப்போக வைக்கும், அவ்வளவே. மூன்றாம் நாள் வலி சட்டென்று நின்றது. "பாத்தியாம்மா, டாக்டர் செலவு மிச்சம்!" என்று பெருமையடித்துக்கொண்டேன். பரீட்சை முடிந்த மறுநாள் கன்னம் பன் மாதிரி வீங்கியது.

கே.கே. நகரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பல் கிளினிக். எனக்கு முன்னால் ஏழு பேர். வீங்கிய வாயோடு விசாரித்தேன். கிளிப் மாட்ட வந்த ஒரு பள்ளிக்கூடப் பெண்ணைத் தவிர அத்தனை பேரும் வலி கேஸ்! "ஒரு வருஷமா ஓட்டை இருக்கு தம்பி. வலிக்கல, அதான் வரல" என்றார் ஆட்டோ ஓட்டும் அண்ணன். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்த பாட்டிக்கு நாலு நாளாகச் சாதம் இறங்கவில்லையாம்.

டாக்டர் சிரித்தார். "எனாமல்ல நரம்பே கிடையாது. அது அரிக்கிறது உனக்குத் தெரியாது. உள்ளே இருக்கிற கூழ் வீங்கினாத்தான் தெரியும்." கை கால் வீங்கினால் தோல் விரிந்து கொடுக்கும். பல்லுக்குள் சுற்றிலும் கெட்டிச் சுவர். அழுத்தம் எங்கே போகும்? படுத்தால் தலைக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்ந்து இன்னும் ஏறும்.

"நடுவுல வலி நின்னுச்சே சார்?"

"குணமாகல தம்பி. நரம்பு செத்துப்போச்சு. சீழ் வேர் வழியா எலும்புக்கு இறங்கிடுச்சு."

திருவெறும்பூர் பெல் தொழிற்சாலையில் பாய்லர் செய்யும் ஊர்க்காரன், மெக்கானிக்கல் மாணவன் நான். கேஜ் முள் இறங்கியதென்று சந்தோஷப்பட்டிருக்கிறேன், கேஜே உடைந்திருக்கிறது!

உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி வாய்நோய் உள்ளவர்கள் சுமார் 350 கோடிப் பேர். அதில் 200 கோடிப் பேருக்கு நிலைப்பல் சொத்தை. அந்த வரிசையில் ஒருவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று.

"நீங்க எப்பம்மா கடைசியா பல்லைக் காட்டினீங்க?" என்றார் டாக்டர்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எனக்கென்ன டாக்டர், நான் வலது பக்கமா மென்னுக்குவேன்."

"எத்தனை நாளாம்மா?" என்றேன்.

"அக்கா கல்யாணத்துக்கு முன்னாடியிலேருந்துடா."

அக்காவுக்கு இப்போது இரண்டு குழந்தைகள்.

எனக்கு வேர் சிகிச்சை. மறுபடி வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். அம்மா பெயரையும் சேர்த்து எழுதிவிட்டு வந்தேன். வியாழன் காலை அடுப்படியிலிருந்தே குரல்: "எனக்கெதுக்குடா வீண் செலவு? ரெண்டு நாளா வலியே இல்ல, சுத்தமா போயிடுச்சு!"

அதைக் கேட்டதும்தான் எனக்குப் பயமே வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, அம்மாவின் செருப்பை எடுத்து வாசலில் வைத்தேன்.