வடிவதற்கான இடம்

பம்ப் வாங்குவதும் ஒரு விமர்சனக் காரியம்தான் என்பது எனக்குத் தாமதமாகவே புலப்பட்டது. வங்கி விடுமுறை நாட்களில் திருநகர் மூன்றாவது ஸ்டாப்பில் பஸ் ஏறி, டவுனில் பைப் கடை கடையாக அலைந்து, ஒரு பம்பையும் அதற்கான குழாய்களையும் வாங்கி முடித்த காலத்தில் நான் இரண்டு மூன்று மதிப்புரைகளாவது எழுதியிருக்கலாம். எழுதாமல் போனது நல்லதுக்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

விஷயம் இதுதான். வீட்டு முன்னறையில் கடல்நீர்த் தொட்டி ஒன்று வைக்க ஆசைப்பட்டேன். தங்கமீன் வளர்க்கிற தொட்டி அல்ல. பவளப்பாறையின் இயல்பை, அதாவது உப்பையும் ஒளியையும் ஓயாத நீரோட்டத்தையும், நான்கு அடிக் கண்ணாடிக்குள் கொண்டுவரும் யத்தனம். மதுரைக்காரனுக்குக் கடல் சுமார் 150 கிலோமீட்டருக்கு அப்பால் மண்டபத்தில் தொடங்குகிறது. பள்ளிச் சுற்றுலாவில் அங்கே கூட்டிப்போனார்கள். 1971 வரை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் அந்தச் சிறிய ஊரில்தான் இருந்தது என்பதெல்லாம் அன்று தெரியாது. கண்ணாடிக்குப் பின்னால் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டையோடு ஒரு கோமாளி மீன் ஒரே இடத்தில் நின்று ஆடிக்கொண்டிருந்தது மட்டும் மனதில் தங்கிவிட்டது.

ஒரு சங்கடத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என் தொட்டியில் பவளம் இல்லை. கல்பவளங்களும் கடல்விசிறி போன்றவையும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு இருக்கும் அதே அந்தஸ்து. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு, விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும், கடலுக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் கார்பைடுக்கும் என்று சுற்றிலுமிருந்த பவளத்தை வெட்டி ஏற்றியதில், அலையைத் தடுக்க ஒன்றுமில்லாமல் போனது முக்கியக் காரணம். இதைப் படித்த பிறகும் ஒரு கடைக்காரர், “சார், சொன்னீங்கன்னா ஒரு துண்டு வரவழைச்சிரலாம்” என்றபோது என் மனம் ஒரு கணம் தயங்கத்தான் செய்தது. வேண்டாம் என்று வந்துவிட்டேன். சிமெண்டும் சிப்பித்தூளும் கலந்து வார்த்து, பல வாரங்கள் தண்ணீரில் ஊறப்போட்ட பாறைகளும், குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்த இரண்டு கோமாளி மீன்களும்தான் என் கடல். லிட்டருக்கு 35 கிராம் வீதம் உப்புக் கலவையைக் கரைத்துக்கொண்டேன். பவளமில்லாத பவளப்பாறை என்று நண்பர்கள் கேலி செய்தார்கள்.

இனி பம்ப். பவளப்பாறை வகைத் தொட்டியின் அமைப்பு சுலபமானது. மேலே காட்சித் தொட்டி, அடியில் அலமாரிக்குள் இன்னொரு தொட்டி. நம் வீடுகளில் நிலத்தடியில் இருப்பதைப்போல இதற்கும் சம்ப் என்றே பெயர். மேல்தொட்டி நிறைந்து வழிகிற தண்ணீர் குழாய் வழியே சம்புக்கு இறங்கும். அழுக்கு வடிந்து பம்ப் மூலம் மறுபடி மேலேறும். ஒரு மணி நேரத்தில் தொட்டியின் கொள்ளளவைப்போல மூன்று முதல் ஐந்து மடங்கு இப்படிச் சுற்றினால் போதும் என்பது பொது விதி. உள்ளே அலையடிக்கத் தனியாகச் சிறு விசிறிகள் இருக்கின்றன.

என் தொட்டி பிடிப்பது 300 லிட்டர் சொச்சம். கடையில் எடுத்துக் காட்டிய பம்பின் பெட்டியில் மணிக்கு 3000 லிட்டர் என்று அச்சிட்டிருந்தது. பத்து மடங்கு! ஆங்கில இலக்கியம் படித்தவனுக்கு அச்செழுத்தில் இயல்பாகவே ஒரு பக்தி உண்டு. அப்பா பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “எவ்வளவு ஹெட்டுல?” என்று கேட்டார். அப்பா பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் பெட்டியின் ஓரத்திலிருந்த சிறிய வளைகோட்டைப் பார்த்தேன். 3000 என்பது பம்ப் தண்ணீரை ஓர் அங்குலம்கூட உயர்த்தாதபோது தள்ளும் அளவு. மூன்று மீட்டர் உயரத்தில் அது பூஜ்யம், சுழலும், ஏறாது. பம்ப் தன் வேலையைச் செய்யாத நிலையில் எடுத்த எண்ணைத்தான் பெரிதாக அச்சிட்டிருந்தார்கள்.

ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் கவிஞர்களின் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து எழுதச் சொன்னதையும், அதன் விளைவுகளை 1929-இல் புத்தகமாக வெளியிட்டதையும் கல்லூரியில் படித்திருந்தேன். பம்புக்கும் அதைச் செய்வோம் என்று, 20 லிட்டர் வாளியைத் தொட்டியின் விளிம்பு உயரத்தில் பிடித்துக்கொண்டு நேரம் பார்த்தோம். வாளி நிறைய 52 விநாடி. மணிக்கு 1385 லிட்டர். பெட்டி சொன்னதில் பாதிகூட இல்லை. ஆனால் எனக்குத் தேவையானது அதுவேதான்.

அப்பாவுக்கு அந்த பிளாஸ்டிக் பம்பின்மீது மரியாதை பிறக்கவில்லை. கோயம்புத்தூர் மோனோபிளாக் அரை ஹெச்.பி. போதும், பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்கவேண்டாம் என்றார். நான் மறுத்தேன். இந்த ஒரு விவகாரத்தில் நான் சொன்னது சரி. இரும்பு உடம்பு உப்புநீரில் துருப்பிடிக்கும். பித்தளை இம்பெல்லரிலிருந்து கசியும் தாமிரம், மீனை விட்டாலும், நத்தை நண்டு போன்ற முதுகெலும்பில்லாத உயிர்களைக் கொன்றுவிடும். தவிர, அரை ஹெச்.பி. இரவு பகலாக ஓடினால் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்கு மேல் இழுக்கும். முழுகிக் கிடக்கிற பம்ப் தின்னும் மின்சாரம் அநேகமாக முழுதும் வெப்பமாகத் தண்ணீரிலேயே இறங்கும். மதுரைச் சித்திரை வெயிலில் அதற்குமேல் வெப்பத்துக்கு இடமில்லை. 2016-இல் கடலே சூடேறி மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெளுத்துச் செத்தன, தொட்டி எம்மாத்திரம்? நாற்பது வாட்டுக்கு மேல் வேண்டாம் என்று முடிவாயிற்று.

குழாயில் அப்பா சொன்னது நின்றது. முக்கால் இஞ்சில் போடப் பார்த்தேன். ஒரு இஞ்ச் போடச் சொன்னார். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதே ஓட்டத்துக்கு ஒரு இஞ்சில் உராய்வு இழப்பு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். எல்போவைக் குறைத்து, திரும்பவேண்டிய இடத்தில் இரண்டு அரை வளைவு வைத்தார். பம்புக்கு மேலே யூனியன் வைத்தார், ஒட்டியதை அறுக்காமல் கழற்ற. நெருடல் வந்தது கடைசியில்தான்.

கரண்ட் போனால் பம்ப் நிற்கும். அப்போது மேலே தண்ணீர் விழும் குழாயின் வாய் நீருக்குள் முழுகியிருந்தால், அதே குழாய் தலைகீழாக உறிஞ்சி மேல்தொட்டியைச் சம்புக்குள் வடிக்கும். இதைத் தடுக்க இரண்டு ஏற்பாடு செய்திருந்தேன். குழாயில் ஒரு என்.ஆர்.வி.; நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, காற்று புகுந்து உறிஞ்சலை முறிக்க ஒரு சிறு துளை. சம்பை விளிம்புக்கு மூன்று விரல் கீழே வரை நிரப்பினேன். தண்ணீர் கூடக் கூடத் தொட்டி நிதானமாக இருக்கும் என்பது படித்த பாடம். காலி இடம் வீண் இடமாகத் தெரிந்தது.

அப்பா குனிந்து பார்த்தார். “கரண்டு போனா இது எங்க போகும்?”

“போகாதுப்பா. என்.ஆர்.வி. இருக்கு.”

“அது அடைச்சிக்கிட்டா?”

“ஓட்டை இருக்கு. ரெண்டும் ஒரே நேரத்துல அடைக்காதுப்பா.”

“ரெண்டும் ஒரே தண்ணியிலதானடா கெடக்கு” என்றார். பிறகு, “கண்மாய் வெட்டுனவன் மறுகால் விடாம கரையக் கட்டுவானா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். எனக்குச் சிரிப்பு வந்தது. எதற்கெடுத்தாலும் தென்கால் கண்மாயும் நிலையூர்க் கண்மாயும்தான் அவருக்கு உவமை என்று மனைவியிடம் சொன்னேன்.

2024 அக்டோபர் 25-ஆம் தேதி மதுரையில் கொட்டிய மழையில் பந்தல்குடி வாய்க்கால் பொங்கி, செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது பலருக்கு ஞாபகமிருக்கலாம். ஒரு கண்மாயின் மிகைநீர் அடுத்த கண்மாய்க்குப் போகிற வழி இந்தச் சமவெளி முழுக்க வகுக்கப்பட்டிருந்தது. வழிகளில் பல இன்று குறுகிவிட்டன, சில தெருக்களாகிவிட்டன. அலுவலகத்தில் இதைப்பற்றி நான் விஸ்தாரமாகப் பேசினேன். அதற்குச் சில நாள் கழித்து ஒரு ராத்திரி திருநகரில் கரண்ட் போனது.

நான் தூங்கிவிட்டேன். மூன்று மணி வாக்கில் எழுந்த அப்பாவின் காலில் தண்ணீர் பட்டது. என்.ஆர்.வி.யின் நாக்கில் சுண்ணாம்பு படிந்து பாதி திறந்தபடி நின்றுவிட்டது. துளையைப் பாசி மூடியிருந்தது. குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 8 சென்டிமீட்டர் கீழே இருந்தது. தொட்டியின் பரப்புக்கு அது 43 லிட்டர். சம்பில் இருந்த இடம் 18 லிட்டர். மீதி 25 லிட்டர் கடல் முன்னறைத் தரையில் பரவி, புத்தக அலமாரியின் அடித்தட்டுக்குப் போய்விட்டது. கரண்ட் வந்ததும், மட்டம் குறைந்ததைக் கண்ட தானியங்கி, பக்கத்துக் கேனிலிருந்து அதே அளவு நல்ல தண்ணீரைச் சிரத்தையாக ஊற்றி முடித்தது. உப்பு 35-லிருந்து 33-க்கு இறங்கியது. மீன்கள் பிழைத்துக்கொண்டன.

அடித்தட்டில் இருந்தவை என் சிறுபத்திரிகைகள். ‘எழுத்து’வின் உதிரி இதழ்கள் சில, ‘கசடதபற’, ‘பிரக்ஞை’, ‘ழ’, பிறகு நம் காலத்தவை. இவற்றைச் சேர்க்க எத்தனை பழைய பேப்பர் கடை ஏறி இறங்கவேண்டும் என்பது இதைப் படிக்கிற உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நான் எழுந்து வந்தபோது, ஒரு வரியும் படித்திராத அவற்றை அப்பா ஒவ்வொன்றாகப் பிரித்து, வராந்தாக் கொடியில் துணிக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன்.

உப்பு ஏறிய காகிதம் காய்வதில்லை. கடலுப்பில் இருக்கும் மக்னீசியம் குளோரைடு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கோடையில் மொரமொரப்பாக இருக்கிற பக்கங்கள் ஐப்பசி வந்தால் மறுபடி நமத்துப்போகும். நல்ல தண்ணீரில் முக்கி எடுத்து உப்பைப் போக்கலாம். மட்டமான நியூஸ்பிரிண்டில் அந்தத் தைரியம் வரவில்லை.

கொடியில் தொங்கிய ஓர் இதழில், சில வருஷங்களுக்கு முன் வெளிவந்த ஒரு கவிதையை நின்றபடியே படித்தேன். இளைஞர் ஒருவருடையது. கவிதையின் நடுவில் இரண்டு வரிகள் ஒன்றும் செய்யாமல் கிடக்கின்றன, சொற்சிக்கனம் இல்லை என்று நான் அப்போது எழுதியிருந்தேன். தொகுப்பு வந்தபோது அவர் அந்த இரண்டு வரிகளையும் எடுத்துவிட்டிருந்தார். என் வாதத்துக்குக் கிடைத்த வெற்றியாக அதை நினைத்துக்கொண்டேன். அந்த அதிகாலையில் படிக்கும்போது, முதல் பகுதியின் துக்கம் இரண்டாம் பகுதிக்குள் அப்படியே பாய்ந்து அதைக் கெடுத்துவிடாமல் இருந்தது அந்த இரண்டு வரிகளால்தான் என்று தெரிந்தது. அவை அங்கே சும்மாதான் கிடந்தன. சம்பில் நான் விட்டிருக்கவேண்டிய இடத்தைப்போல.

இறுக்கமே உருவம், ஒரு சொல்கூட மிகையாகக் கூடாது என்று பயின்றுவந்த விமர்சனப் பிரக்ஞை என்னுடையது. அதை முற்றாகத் தவறென்று இப்போதும் சொல்லமாட்டேன். வழவழாக் கவிதைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பம்ப் ஓடும்போது மட்டும் தொட்டியைப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதியவன் நான். அந்தக் கவிஞருக்கு ஒரு கார்டு போட்டேன். பதில் இல்லை. அவர் இப்போது எழுதுவதாகவும் தெரியவில்லை.

என்.ஆர்.வி.யைக் கழற்றி எறிந்தாயிற்று. வாளி இப்போது 47 விநாடியில் நிறைகிறது. காவலுக்கு வைத்ததே வழியையும் அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு 2 சென்டிமீட்டர் கீழே ஏற்றிவிட்டோம். சம்பில் ஒரு சாண் காலியாகவே கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி குடித்துவிட்டு அப்பா வந்து பிளக்கைப் பிடுங்குவார். தண்ணீர் சலசலவென்று இறங்கும். இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருப்போம். விளிம்புக்கு நான்கு விரல் கீழே வந்து நின்றுவிடும். மறுபடி பிளக்கை மாட்டுவார்.